பழைய வெல்டிங் பத்திரம் புதிய வேலைக்குச் செல்லுமா?

ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களில் இரும்பு வேலைத்தலங்களில் வெல்டிங் செய்து பிழைப்பவர்கள் கணிசமானோர். படிக்கட்டு, கைபிடி, தாங்குசட்டம், தாங்கி, குழாய் என்று எமது கைபட்ட இரும்பு இந்த நாடுகளில் எங்கும் நிற்கிறது. ஊரில் பட்டறையில் பழகிய சிலரும், இங்கு வந்தபின் மற்றவனைப் பார்த்துப் பழகிய பலருமாக நாம் தொழிலைக் கையால் கற்றுக்கொண்டோம். ஆனால் தொழிலுக்குரிய கடதாசிகளை நாம் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை. அது கந்தோர்க்காரர் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

புதிய ஓடர் ஒன்று வந்தால் வேலைத்தலத்தில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "இதற்கு எம்மிடம் பழைய பத்திரம் இருக்கிறது, நீ தொடங்கு" என்பதே அது. பல வேளைகளில் அந்தச் சொல் சரியானது. சில வேளைகளில் சரியல்ல. எது சரி, எது பிழை என்று பார்த்துச் சொல்லும் அளவுக்கு நாமும் விளங்கி வைத்திருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கடதாசிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெல்டிங் வேலையில் மூன்று வேறு வேறு கடதாசிகள் உள்ளன.

முதலாவது, எமது பெயரில் உள்ள வெல்டர் சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 9606 என்ற விதியின்படி பரீட்சை எழுதி, அதாவது தகடு ஒட்டிக் காட்டி, நாம் பெறுவது. இவருடைய கை சரியான கை என்று அது சொல்கிறது.

இரண்டாவது, கொம்பனியின் பெயரில் உள்ள செய்முறைத் தகுதிப் பத்திரம். டபிள்யூ.பி.கியூ.ஆர். என்று இங்குள்ள வேலைத்தலங்களில் சொல்வார்கள். இந்த உருக்கை, இந்தக் கம்பியால், இந்த வாயுவில், இந்த வெப்பத்தில் ஒட்டினால் ஒட்டு தாங்கும் என்று இது சொல்கிறது. கையைப் பற்றியதல்ல, முறையைப் பற்றியது.

மூன்றாவது, எமது மேசைக்கு வரவேண்டிய வேலைத் தாள். டபிள்யூ.பி.எஸ். என்பது இதுதான். எத்தனை அம்பியர், எத்தனை வோல்ற், எத்தனை அடுக்கு என்று எழுதியிருக்கும். இரண்டாவது கடதாசியில் நிரூபிக்கப்பட்ட எல்லைக்குள் நின்றே இது எழுதப்படவேண்டும்.

எமது சான்றிதழ் சரியாக இருந்தாலும் கொம்பனியின் பத்திரம் புதிய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அந்த ஒட்டு செல்லாது. கொம்பனியின் பத்திரம் பொருந்தினாலும் எமது சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அதுவும் செல்லாது. இரண்டும் வேண்டும்.

பத்திரம் எப்படிப் பிறக்கிறது?

ஐரோப்பாவில் உருக்குக்குப் பொதுவாகப் பயன்படும் விதி ஐ.எஸ்.ஓ. 15614-1. இதன் முந்திய வடிவம் 1992இல் வந்த ஈ.என். 288-3. அதன் இடத்தைப் பிடித்து 2004இல் 15614-1 வந்தது. 2017இல் அது திருத்தி எழுதப்பட்டது.

பரிசோதகர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வெல்டர் சோதனைத் தகட்டை ஒட்டுகிறார். ஒவ்வொரு அடுக்குக்கும் வோல்ற், அம்பியர், வேகம், தகட்டின் சூடு எல்லாம் எழுதப்படும். பிறகு அந்தத் தகட்டைப் படாதபாடு படுத்துவார்கள். கண்ணால் பார்ப்பது, மேல் வெடிப்புத் தேடுவது, எக்ஸ் கதிரால் அல்லது ஒலியலையால் உள்ளே பார்ப்பது, அதன்பின் அறுப்பது. முகத்துக்கு முகம் வைத்து ஒட்டும் பட் வெல்டில் இரண்டு துண்டுகளை இழுத்து அறுப்பார்கள். நான்கு துண்டுகளை வளைப்பார்கள். ஒரு துண்டை மினுக்கி அமிலம் பூசி உள்வெட்டைப் பார்ப்பார்கள். தேவையான உருக்குகளில் கடினத்தை அளப்பார்கள். குளிரில் முறியுமா என்று அடித்தும் பார்ப்பார்கள். எல்லாம் தேறினால்தான் பத்திரம்.

இதற்குக் காசும் செல்லும், வாரக்கணக்கில் நாளும் செல்லும். ஆகவே ஒவ்வொரு ஓடருக்கும் புதிதாகச் சோதனை செய்யமுடியாது. அதனால் விதியே ஒரு வழி விட்டிருக்கிறது. ஒருமுறை தேறிய முறையை, குறித்த எல்லைகளுக்குள், வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தலாம். எனவே பழைய பத்திரத்தைப் பயன்படுத்துவது களவு வேலை அல்ல. எல்லையைப் பார்க்காமல் பயன்படுத்துவதுதான் பிழை.

எல்லை ஏன்?

வீட்டில் நாலு பேருக்கு உலை வைத்த கணக்கு கலியாண வீட்டுக் கிடாரத்துக்குச் சரிவராது என்று எமது பெண்களுக்குத் தெரியும். அரிசி அதே அரிசிதான். ஆனால் பாத்திரம் பெருக்கும்போது நெருப்பும் தண்ணீரும் வேறு கணக்கு. இரும்பும் அப்படித்தான்.

தடித்த தகடு வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஒட்டின் அருகில் உள்ள உருக்கு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகும். கம்பியில் இருந்த ஈரம், தகட்டில் இருந்த எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வந்த ஐதரசன் அதற்குள் அகப்பட்டால் வெடிப்பு வரும். அது உடனேயும் வராது. நாம் வேலை முடித்து வீட்டுக்குப் போனபின், மறுநாள்கூட வரலாம். மாறாக, வெப்பம் கூடிப்போனால் உருக்கின் மணிகள் பெருத்து, குளிர்காலத்தில் அடிபட்டால் முறியும் தன்மை வந்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டுமே அழகான ஒட்டாகத்தான் தெரியும். கண் காணாததைத்தான் பத்திரம் சொல்கிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம்

ஒரு கொம்பனியிடம் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருக்கு எஸ் 355. தடிப்பு 12 மில்லிமீற்றர். முறை 135, அதாவது திடக் கம்பியும் வாயுவும் கொண்ட மாக். வாயு ஆகன் கலவை எம் 21. பல அடுக்கு. பட் வெல்ட். சோதனை 2017ஆம் ஆண்டு விதியின் இரண்டாம் படியில் நடந்தது. இப்போது புதிய ஓடர் வருகிறது. நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

1. தடிப்பு எவ்வளவு? 12 மில்லிமீற்றர் தகட்டில் பல அடுக்காக ஒட்டிய சோதனை 3 முதல் 24 மில்லிமீற்றர் வரை செல்லும். புதிய தகடு 20 என்றால் உள்ளே. 30 என்றால் வெளியே. அதே 12 தகட்டை ஒரே அடுக்கில் ஒட்டியிருந்தால் எல்லை சுருங்கும்: 6 முதல் 15.6 வரைதான். ஆகவே பத்திரத்தில் தடிப்பை மட்டும் பார்க்காமல் அடுக்கையும் பார்க்கவேண்டும்.

2. குளிரில் அடித்துப் பார்க்கும் சோதனை கேட்கப்பட்டுள்ளதா? பலர் தவறவிடும் இடம் இது. புதிய வேலைக்கு அந்தத் தாங்குதிறன் தேவை என்று ஓடரில் இருந்து, பழைய சோதனையில் அது செய்யப்படாமல் இருந்தால், தடிப்பு 12 மில்லிமீற்றருடன் நின்றுவிடும். மேலே சொன்ன 24 செல்லாது. எஸ் 355 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்களைக் கவனியுங்கள். ஜே.ஆர். என்றால் 20 பாகையில், ஜே 0 என்றால் 0 பாகையில், ஜே 2 என்றால் கழித்தல் 20 பாகையில் 27 ஜூல் தாங்கவேண்டிய உருக்கு என்பது பொருள்.

3. உருக்கு எது? ஒரே குழுவுக்குள் பலம் கூடியதில் சோதித்தால் பலம் குறைந்ததற்கும் செல்லும். எஸ் 355இல் செய்த பத்திரம் எஸ் 235க்கு உதவும். மறுபக்கம் உதவாது. எஸ் 460 போன்ற பலம் கூடிய உருக்குக்கும், துருப்பிடிக்காத உருக்குக்கும் இந்தப் பத்திரம் செல்லாது.

4. முறையும் வாயுவும் அதேதானா? திடக் கம்பியின் இலக்கம் 135. மா நிரப்பிய குழாய்க் கம்பியின் இலக்கம் 136. இயந்திரம் ஒன்றாக இருக்கலாம், கையசைவு ஒன்றாக இருக்கலாம், ஆனால் விதிக்கு அவை இரண்டு முறைகள். எம் 21 முடிந்துவிட்டது என்று தனிக் காபனீரொட்சைட்டுப் போத்தலைப் பூட்டினாலும் பத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

5. முன்சூடு எவ்வளவு? சோதனைத் தகட்டை 100 பாகைக்குச் சூடாக்கித்தான் ஒட்டினார்கள் என்றால் புதிய வேலையைக் குளிர்ந்த தகட்டில் தொடங்கமுடியாது. அந்தச் சூடு கீழ் எல்லை. அடுக்குக்கு அடுக்கு இடையில் சோதனையில் எட்டிய சூடு மேல் எல்லை. ஒட்டியபின் சூளையில் வைத்து ஆற்றுவது சோதனையில் இல்லையென்றால் வேலையில் புதிதாகச் சேர்க்கவும் கூடாது. சோதனையில் இருந்தால் வேலையில் விடவும் கூடாது.

6. மூட்டு எப்படி? பட் வெல்ட் சோதனை மூலை ஒட்டையும், அதாவது ஃபிலற்றையும், சேர்த்துக்கொள்ளும். ஃபிலற் சோதனை பட் வெல்டைச் சேர்க்காது. புதிய வேலையில் பெரும்பகுதி ஃபிலற்தான் என்றால் அதற்கென்று தனிச் சோதனை வேண்டும். தட்டையான தகட்டில் செய்தது குழாய்க்கும் செல்லும், ஆனால் குழாயின் வெளிவிட்டம் 500 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால். சிறு குழாய்க்கு அப்படியே செல்லாது.

7. யாருடைய பத்திரம்? சோதனை செய்த கொம்பனியின் தொழில்நுட்ப, தரக் கட்டுப்பாட்டின் கீழுள்ள வேலைத்தலத்துக்கும் வெளிக்களத்துக்கும் அது செல்லும். பக்கத்துக் கொம்பனியிடம் பிரதி வாங்கி வந்து பெயரை மாற்றி வைப்பது செல்லாது. எம்மவர்கள் சிலர் சொந்தமாகச் சிறு வேலைத்தலம் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். முன்பு வேலை செய்த இடத்துப் பத்திரம் எம்முடன் கூட வராது.

நிலை பற்றியும் ஒரு சொல். எமது சொந்தச் சான்றிதழில் எந்த நிலையில் பரீட்சை எழுதினோம் என்பது முக்கியம். தட்டையாக ஒட்டித் தேறியவர் தலைக்கு மேல் ஒட்ட முடியாது. கொம்பனிப் பத்திரத்தில் அப்படி இல்லை. அடி, கடினம் என்ற தேவைகள் இல்லாவிட்டால் ஒரு நிலையில் செய்த சோதனை மற்ற நிலைகளுக்கும் செல்லும். மேலிருந்து கீழாக இழுக்கும் ஒட்டு மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனிச் சோதனை. இந்த வித்தியாசம் தெரியாததால் வேலைத்தலங்களில் வீண் வாக்குவாதம் வருவதுண்டு.

வெப்பக் கணக்கு

ஒரு சிறு கணக்கை எல்லோரும் பழகிக்கொள்ளலாம். வோல்றை அம்பியரால் பெருக்கி, ஒரு செக்கனில் எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறோம் என்பதால் பிரித்து, மாக் முறைக்கு 0.8ஆல் பெருக்கினால் ஒரு மில்லிமீற்றர் ஒட்டுக்குள் போகும் வெப்பம் ஜூலில் வரும்.

சோதனையில் 28 வோல்ற், 250 அம்பியர், நிமிடத்துக்கு 400 மில்லிமீற்றர் வேகம் என்று வைப்போம். விடை 840 ஜூல், அதாவது 0.84 கிலோஜூல். அடித்துப் பார்க்கும் தேவை இருந்தால் இதைவிட 25 வீதம் கூடலாம், அதற்கு மேல் கூடாது. ஆகவே மேல் எல்லை 1.05. கடினத் தேவை இருந்தால் 25 வீதம் குறையலாம். கீழ் எல்லை 0.63.

இப்போது நாம் கொஞ்சம் மெதுவாக, நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றராக இழுத்தால் 1.12. எல்லை தாண்டியாயிற்று. அவசரப்படுத்துகிறார்கள் என்று 560 ஆக இழுத்தால் 0.60. அதுவும் தாண்டியாயிற்று. இயந்திரத்தில் ஒரு குமிழையும் தொடாமல், கையின் வேகத்தாலேயே பத்திரத்தை விட்டு வெளியே போகலாம் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. பத்திரம் கந்தோரில் இருந்தாலும் அதைக் காப்பாற்றுவது எமது கைதான்.

பழையது என்பதால் செல்லாமல் போகாது

"இந்தப் பத்திரம் பழைய விதியில் செய்தது, இனிக் குப்பை" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. புதிய வடிவம் வந்தபோது முன்னைய வடிவங்களின்படி செய்த சோதனைகளை அது செல்லாததாக்கவில்லை. ஏதாவது ஒரு சோதனை குறைவாக இருந்தால் அந்தக் குறையை மட்டும் நிரப்பினால் போதும். உதாரணத்துக்கு, அடித்துப் பார்க்கும் சோதனை மட்டும் இல்லையென்றால் அதற்காக ஒரு தகடு ஒட்டி அதை மட்டும் செய்யலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டியதில்லை. இது தெரிந்தால் சிறு வேலைத்தலம் நடத்துபவர்களுக்குக் காசு மிச்சம்.

2017 வடிவத்தில் இரண்டு படிகள் உண்டு. இரண்டாம் படியில் தேறியது முதலாம் படிக்கும் செல்லும். முதலாம் படியில் தேறியது இரண்டாம் படிக்குச் செல்லாது. பத்திரத்தின் தலைப்பில் எந்தப் படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிட உருக்கு வேலைக்கு ஈ.என். 1090-2 என்ற விதியும் சேரும். நீண்டகாலம் பாவிக்காத முறையை அப்படியே எடுக்க அது விடாது. எஸ் 355க்கு மேற்பட்ட உருக்கில் 3 ஆண்டுகளுக்கு மேல் பாவிக்காதிருந்தால் புதிய சோதனையே கேட்கும்.

கனடாவில் உள்ள எமது உறவுகளுக்கு: அங்கு கட்டிட உருக்கு வேலைக்கு சி.எஸ்.ஏ. டபிள்யூ 47.1 என்ற வேறு விதி. கொம்பனியே கனடிய வெல்டிங் பீரோவிடம் சான்று பெற்று, தன் செய்முறைத் தாள்களையும் அங்கு ஏற்கச் செய்யவேண்டும். இங்குள்ள எண்களை அங்கு கொண்டுபோகக் கூடாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

சிறு ஒட்டு, பெரிய அழிவு

நோர்வேயில் உள்ளவர்கள் அலெக்சாண்டர் கீலான்ட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர் தங்குவதற்காக மிதக்கவிடப்பட்டிருந்த மேடை அது. 1980 மார்ச் 27ஆம் நாள் புயலில் அதன் ஒரு கால் முறிந்து மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் வெடிப்பு தொடங்கிய இடம் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய மூட்டு எதுவும் அல்ல. காலைத் தாங்கும் குழாய் ஒன்றில், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பிடித்துவைக்க ஒட்டப்பட்ட சிறிய தாங்கி. அதைச் சுற்றி இருந்த மூலை ஒட்டு. அது பாரம் தாங்கும் பாகம் அல்ல என்று கருதப்பட்டதால் அதன் தரத்தில் அக்கறை குறைந்தது. அங்கிருந்து அலையோடு அலையாக வெடிப்பு வளர்ந்து அந்தக் குழாய் முறிந்தது. ஒன்று முறிந்ததும் மற்றவையும் முறிந்தன.

"இது சும்மா ஒரு பிறக்கட் தானே, இதற்கெல்லாம் பத்திரம் பார்ப்பதா?" என்று யாராவது சொன்னால் இந்த 123 பேரையும் நினைத்துக்கொள்வோம். பாரம் தாங்கும் இரும்பில் ஒட்டப்படும் எதுவும் சும்மா அல்ல.

எமக்கு இதில் என்ன?

பத்திரம் பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவது வெல்டிங் பொறுப்பாளரின் கடமை. எமது கடமை அல்ல. அதற்காக நாம் கண்ணை மூடவேண்டும் என்பதில்லை. பல வேலைத்தலங்களில் ஒட்டின் பக்கத்தில் வெல்டரின் இலக்கம் குத்தப்படுகிறது. ஏதாவது நடந்தால் முதலில் தேடப்படுவது அந்த இலக்கம். வேலைத் தாள் எமது கையில் இருந்து, அதன்படி ஒட்டினோம் என்று காட்ட முடிந்தால் எம்மில் பிழையில்லை. தாளே பார்க்காமல் போர்மனின் வாய்ச்சொல்லில் ஒட்டியிருந்தால் எதைக் காட்டுவது?

எம்மவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மொழி தடக்கும். வேலை போனால் விசாவுக்கு என்ன ஆகும் என்ற பயம் இருக்கும். ஆனால் "இந்த வேலைக்கு டபிள்யூ.பி.எஸ். தாருங்கள்" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதல்ல. நல்ல வெல்டர் கேட்கும் கேள்வி அது. நல்ல பொறுப்பாளர் அப்படிக் கேட்பவரைத்தான் மதிப்பார். தாள் வந்ததும் அதில் எழுதியிருக்கும் பத்திர இலக்கத்தையும் தடிப்பு எல்லையையும் பாருங்கள். கையிலுள்ள தகட்டை அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று. புதிய பத்திரத்துக்கான சோதனைத் தகட்டைப் பல இடங்களில் எம்மவர் கையே ஒட்டுகிறது, கை சுத்தம் என்பதால். அந்தத் தகடு எல்லாச் சோதனையும் தேறினால், அதை ஒட்டியவருக்கும் அதற்குப் பொருந்திய எல்லையில் வெல்டர் தகுதி உண்டு என்று விதி சொல்கிறது. ஆகவே கொம்பனி தன் பத்திரத்தை எடுக்கும் நாளிலேயே உங்கள் பெயரிலும் 9606 சான்றிதழ் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்காமல் விட்டால் தாமாகத் தருபவர்கள் குறைவு. கிடைத்த சான்றிதழை 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரின் கையெழுத்துடன் புதுப்பித்து வையுங்கள். வழமையாக 3 ஆண்டில் மறுபரீட்சை வரும். கொம்பனிப் பத்திரம் கொம்பனியோடு நிற்கும். சான்றிதழ் உங்களோடு வரும்.

ஊரை விட்டு வரும்போது எமது கடதாசிகளில் பலவற்றை இழந்துவிட்டு வந்தோம். அதனால்தானோ என்னவோ கடதாசி என்றாலே எமக்கு ஒரு வெறுப்பு. ஆனால் இந்தத் தொழிலில் கடதாசி எமக்கு எதிரானது அல்ல. அது எமது கையின் வேலைக்குச் சாட்சி. வாசிக்கப் பழகுவோம். பழகியவர் பக்கத்து மேசையில் நிற்கும் புதியவருக்கும் சொல்லிக்கொடுப்போம்.